வானம் பார்க்க போன், கேமராவை இயக்கவும் அதே போன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மொட்டைமாடியில் டெலஸ்கோப்பை வைத்துத் தெருப் பிள்ளைகளுக்கு நிலாவையும் வியாழனையும் காட்டுவது என் வழக்கம். அமாவாசையை ஒட்டி லீவு கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஜவ்வாது மலைப் பக்கம் போய்விடுவேன். இரண்டு இடத்திலும் இப்போதெல்லாம் முதல் கேள்வி போனைப் பற்றித்தான் வருகிறது. ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு ஒன்றுமே தெரியாது. முதலில் எந்தச் செயலியை இறக்கலாம்?

ஸ்டெல்லேரியம், வானத்தில் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் செயலி. கணினியில் அது முழுக்க இலவசம், திறந்த மூலநிரல். போனிலும் இலவசப் பதிப்பே ஆரம்பத்துக்குத் தாராளம். ஆண்ட்ராய்டு போன், அதுவும் கொஞ்சம் பழசு என்றால் ஸ்கை மேப் போட்டுக்கொள்ளுங்கள். 2009-இல் கூகுள் ஊழியர்கள் செய்தது. 2012-இல் மூலநிரலைத் திறந்துவிட்டார்கள். அழகு கம்மி, வேலை சுத்தம்.

ஸ்கைசஃபாரியை நண்பர்கள் உடனே சிபாரிசு செய்வார்கள். நல்ல செயலிதான். ஆனால் அதன் உண்மையான பலம் டெலஸ்கோப்பை இயக்குவதில். அதற்கு ப்ளஸ் அல்லது ப்ரோ பதிப்பைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். டெலஸ்கோப் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செயலி வியாழன் என்று காட்டும் இடத்தில் பக்கத்து வீட்டுத் தென்னைமரம்தான் இருக்கிறது. ஏன்?

போனுக்குள் இருக்கும் திசைகாட்டி குழம்பியிருக்கிறது. மேலே எவ்வளவு தூக்கியிருக்கிறீர்கள் என்பதைப் போன் புவியீர்ப்பை வைத்துச் சரியாகவே கண்டுபிடித்துவிடும். இட வலம் மட்டும் பூமியின் காந்தப்புலத்தை நம்பியிருக்கிறது. காந்தம் வைத்த போன் கவர், பைக்கின் டேங்க், மாடியின் இரும்புக் கைப்பிடி, ஏன், தளத்துக்குள் ஓடும் கம்பிகூட அதை 20, 30 பாகை தள்ளிவிடும்.

கவரைக் கழற்றுங்கள். கைப்பிடிச் சுவரிலிருந்து விலகி நில்லுங்கள். லைசென்ஸுக்கு 8 போடுவோமே, அதேபோல போனைக் காற்றில் நாலைந்து தரம் 8 போடுங்கள். லொகேஷன் அணைந்திருந்தால் அதையும் போடுங்கள். இல்லாவிட்டால் செயலி உங்களை வேறு ஏதோ ஊரில் நிறுத்தி அந்த ஊர் வானத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். இவ்வளவு செய்தும் அடங்கவில்லை என்றால் சென்சாரை அணைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரிந்த ஒரு பெரிய நட்சத்திரத்தைத் திரையில் தேடிப் பிடித்து, அங்கிருந்து விரலால் நகர்த்திப் பாருங்கள். நான் பெரும்பாலும் இப்படித்தான் பார்க்கிறேன்.

பஞ்சாங்கத்தில் வரும் ரோகிணி, திருவாதிரையெல்லாம் இந்தச் செயலிகளில் உண்டா?

உண்டு, வேறு பெயரில். ரோகிணி என்றால் ஆல்டிபரான். திருவாதிரை பீட்டல்ஜூஸ், மகம் ரெகுலஸ், சித்திரை ஸ்பைகா, சுவாதி ஆர்க்டூரஸ், கேட்டை அன்டாரஸ். கார்த்திகை ஒற்றை நட்சத்திரம் இல்லை, பிளையடீஸ் என்ற கூட்டம். இந்தப் பெயர்களைத் தேடல் பெட்டியில் தட்டினால் போதும்.

இதில் ஒரு வேடிக்கை. காலண்டரில் "இன்று ரோகிணி" என்று போட்டிருந்தால் அன்றைக்கு நிலா ஆல்டிபரானை ஒட்டிய பகுதியில் இருக்கிறது என்று அர்த்தம். வானத்தை 27 துண்டாக்கி, துண்டுக்கு 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை) என்று வைத்த கணக்கு அது. செயலியைத் திறந்து சரிபார்த்தால் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஆனால் சுவாதி நாளில் இந்த விளையாட்டை ஆடாதீர்கள். ஆர்க்டூரஸ் நிலாவின் பாதையிலிருந்து வெகுதூரம் வடக்கே இருக்கிறது. எவ்வளவு நெருங்கினாலும் நடுவில் 25 பாகைக்குக் குறையாது.

சிவப்புத் திரை அவசியமா?

அவசியம். இருட்டுக்குக் கண் பழக 20, 30 நிமிடம் ஆகும். ஒரு வெள்ளைத் திரை அதை ஒரே நொடியில் கெடுத்துவிடும். செயலிக்குள் இருக்கும் இரவு மோடு அந்தச் செயலியை மட்டும்தான் சிவப்பாக்கும், நடுவில் ஒரு வாட்ஸப் வந்தால் முகத்தில் டார்ச் அடித்த மாதிரி இருக்கும். ஐபோனில் அணுகல்வசதி அமைப்புக்குள் போய் வண்ண வடிகட்டியில் சிவப்பைப் போட்டால் மொத்தப் போனும் சிவக்கும். மற்ற போன்களில் சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர்பேண்ட் போட்டு ஒட்டினால் போதும். அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை.

மேகம் இருக்குமா என்று எந்தச் செயலி சரியாகச் சொல்லும்?

எதுவும் முழுக்கச் சரியாகச் சொல்லாது. நான் கிளியர் அவுட்சைடில் மேல், நடு, கீழ் மேகங்களைத் தனித்தனியாகப் பார்ப்பேன். பிறகு விண்டியில் செயற்கைக்கோள் படத்தை ஓடவிட்டு மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பேன். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் பார்க்கும் இந்தப் படம், மூன்று நாள் முன்னால் வந்த கணிப்பைவிட எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

மலைக்குப் போகிறவர்கள் மறக்கும் எண் ஒன்று உண்டு, பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் இடைவெளி இரண்டு மூன்று டிகிரிதான் என்றால் நள்ளிரவுக்குள் லென்ஸில் பனி பூக்கும். வானம் சுத்தமாக இருக்கும், உங்கள் படம் மட்டும் மங்கிக்கொண்டே போகும். லென்ஸைச் சுற்றி ஒரு யுஎஸ்பி ஹீட்டர் பட்டையைக் கட்டிவிடுங்கள்.

பருவம் பற்றிச் செயலி தேவையில்லை. நம் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஆகஸ்டின் பெர்சீட் எரிகல் மழையைத் தென்மேற்குப் பருவ மேகம் கெடுக்கும், டிசம்பர் 14-ஐ ஒட்டிய ஜெமினிடை வடகிழக்குப் பருவத்தின் வால் கெடுக்கும். அமாவாசைக்குத் தாள் காலண்டர் இருக்கிறது.

போன் கேமராவிலேயே நட்சத்திரம் எடுக்க முடியுமா?

முடியும். ட்ரைபாடும் ஒரு போன் பிடிப்பானும் இருந்தால் போதும். பிக்சல் போன்களில் 2019-இல் பிக்சல் 4-ஓடு வந்த வானியல் மோடு 16 விநாடிப் படங்கள் 15 எடுத்து, நான்கு நிமிடத்தில் ஒரே படமாக அடுக்கித் தந்துவிடும். ஐபோனின் இரவு மோடு ட்ரைபாடில் வைத்தால் 30 விநாடி வரை போகும். சாம்சங்கின் உயர்ரகப் போன்களுக்கு எக்ஸ்பெர்ட் ரா என்ற தனிச் செயலி உண்டு, அதற்குள் வானியல் மோடு இருக்கிறது.

இவை எதுவும் இல்லையா? கேமராவின் ப்ரோ மோடுக்குப் போங்கள். ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 10 விநாடி, ஃபோகஸ் முடிவிலியில், ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாத மூலப் படம்), மூன்று விநாடி டைமர். மெயின் லென்ஸ் மட்டும். மற்ற லென்ஸ்களுக்கு வெளிச்சம் பற்றாது. ஒரே படத்தோடு நிறுத்தாமல் இருபது எடுத்துப் பிறகு அடுக்கினால் புள்ளிப்புள்ளியாக வரும் இரைச்சல் அடங்கும். ஐபோன்காரர்கள் நைட்கேப்பைப் பார்க்கலாம். எரிகல்லுக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கும் அதில் தனித்தனி மோடு உண்டு. நிலையம் நம் ஊர் மேல் எப்போது கடக்கிறது என்பதற்கு ஹெவன்ஸ் அபவ்.

என் போனில் நிலாப் படம் அற்புதமாக வருகிறதே, அது நிஜமா?

பாதி நிஜம். 2023-இல் ஒருவர் நிலாப் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து சாம்சங் போனால் எடுத்துப் பார்த்தார். மங்கல் படத்தில் இல்லாத பள்ளங்கள் போன் படத்தில் முளைத்திருந்தன. நிலாவை அடையாளம் கண்டு நுணுக்கங்களைக் கூட்டும் நுட்பம் இருப்பதை நிறுவனமே பிறகு விளக்கியது. உங்கள் லென்ஸ் பார்த்தது மட்டும் வேண்டும் என்றால் ப்ரோ மோடில் ரா எடுங்கள்.

டெலஸ்கோப்பின் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) போனை வைத்து எடுப்பது எப்படி?

கையால் பிடித்து எடுத்தால் பத்துக்கு ஒன்று தேறும். ஐபீஸில் மாட்டும் போன் பிடிப்பானை வாங்குங்கள். குறைந்த பெருக்கம் தரும் 25 மி.மீ. ஐபீஸில் ஆரம்பியுங்கள். மூன்று லென்ஸ் உள்ள போன்களில் ஜூம் செய்தவுடன் போன் தானாக வேறு லென்ஸுக்குத் தாவிவிடும், படம் கறுப்பாகிவிடும். அதனால் 1எக்ஸிலேயே வைத்து எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். நிலாவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள். கோள்களுக்குப் படத்தைவிட வீடியோ நல்லது. ஒரு நிமிடம் எடுத்து, கணினியில் பிப், ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள்களில் நல்ல காட்சிகளை மட்டும் பொறுக்கி அடுக்கினால் வியாழனின் பட்டைகள் எழுந்து வரும்.

டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராவைப் போனால் இயக்க என்ன வேண்டும்?

கேமராவில் வைஃபை இருந்தால் அந்தந்த நிறுவனத்தின் செயலி: கேனானுக்கு கேமரா கனெக்ட், நிக்கானுக்கு ஸ்னாப்பிரிட்ஜ், சோனிக்கு கிரியேட்டர்ஸ் ஆப். தொடாமல் ஷட்டரை அழுத்த, ஐஎஸ்ஓ மாற்ற, லைவ் வியூ பார்க்க இவை போதும். இன்னும் ஆழமாகப் போக கியூடிஎஸ்எல்ஆர்டாஷ்போர்ட் இருக்கிறது. கேனான், நிக்கான், சோனி மூன்றோடும் பேசும். வைஃபை இல்லாத பழைய கேமராவையும் போனின் சார்ஜ் துளையில் செருகும் ஓடிஜி கேபிளால் இணைத்துவிடலாம். முகம் சுளிக்க வைக்கும் திரை, பழக ஒரு வாரம் ஆகும்.

போனால் கிடைக்கும் பெரிய லாபம் ஃபோகஸ்தான். கேமராத் திரை வானம் பார்த்து, இல்லை தரையைப் பார்த்து, எங்கேயோ கோணலாக நிற்கும். கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்ப்பதற்குப் பதில் லைவ் வியூவைப் போனில் பத்து மடங்கு பெரிதாக்கி, சிரியஸ் மாதிரி ஒரு பெரிய நட்சத்திரத்தைச் சின்னஞ்சிறு புள்ளியாக்குங்கள். பிறகு லென்ஸ் வளையத்தில் இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிடுங்கள். லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் கோட்டை நம்பாதீர்கள்.

பாதி ராத்திரியில் இணைப்பு அறுந்துபோகிறது. செயலி கோளாறா?

பெரும்பாலும் இல்லை. இது எனக்கே நடந்தது. மலையில் ஒரு பாறைமேல் கேமராவை வைத்து, போன் செயலியில் 25 விநாடி வீதம் 200 படம் என்று போட்டுவிட்டு ஜமக்காளத்தில் படுத்துவிட்டேன். விடிகாலை எழுந்து பார்த்தால் கார்டில் 43 படம். 44-ஆவது படத்துக்கு முன்னால் போன் திரையில் "இந்த வைஃபையில் இணையம் இல்லை" என்று ஒரு அறிவிப்பு வந்திருக்கிறது. பதில் சொல்ல ஆள் இல்லாததால் போனே முடிவெடுத்து மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கிறது. கேமராவின் வைஃபை என்பது கேமராவுக்கும் போனுக்கும் நடுவில் மட்டும் ஓடும் வாய்க்கால். அதில் இணையம் இருக்கவே இருக்காது. போனுக்கு இது புரிவதில்லை.

அன்றிலிருந்து போனை முதலில் ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு, வைஃபையை மட்டும் திறக்கிறேன். அந்தச் செயலிக்கு பேட்டரி சிக்கனத்தை அணைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் திரை அணைந்ததும் ஆண்ட்ராய்டு அதைத் தூங்க வைத்துவிடும். கேமராவிலும் தானாக அணையும் நேரத்தை எடுத்துவிட வேண்டும். ஓடிஜி கேபிளில் ஓட்டினால் இன்னொரு தொல்லை: சார்ஜ் ஏறும் துளையில் கேபிள் இருப்பதால் போனுக்குச் சார்ஜ் போட முடியாது. மின்சாரம் உள்ளே விடும் ஹப் ஒன்று வேண்டும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கடிகாரம் யார் கையில்? ஒவ்வொரு படத்துக்கும் போன்தான் கட்டளை அனுப்புகிறது என்றால் போன் செத்தால் ராத்திரியே செத்தது. குறித்த இடைவெளியில் தானே படமெடுக்கும் இன்டர்வெல் டைமர் கேமராவுக்குள்ளேயே இருந்தால், நிக்கானில் பல மாடல்களில் உண்டு, போனை ஃபோகஸுக்கு மட்டும் வைத்துக்கொண்டு எண்ணும் வேலையைக் கேமராவிடம் கொடுங்கள். அது இல்லாத கேமராவுக்கு ஒயர் போட்ட இன்டர்வெலோமீட்டர் வாங்குங்கள். பேட்டரி போட்ட சின்னக் கறுப்பு டப்பா. இணைப்பு, அனுமதி, அப்டேட் எதுவும் கேட்காது. செயலிகளைப் பற்றிய பக்கத்தில் இதைச் சொல்வது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு படத்துக்கு எத்தனை விநாடி?

நட்சத்திரம் கோடாக இழுபடாமல் புள்ளியாக வரப் பழைய கணக்கு: 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுப்பது. கேனானின் சின்ன சென்சார் கேமராவில் 18 மி.மீ. என்றால் 1.6-ஆல் பெருக்கி 28.8, விடை 17 விநாடி. இன்றைய 24 மெகாபிக்சல் கேமராவில் 17 விநாடிக்கு நட்சத்திரம் கோடாகத் தெரியும்.

போட்டோபில்ஸ் செயலியில் இருக்கும் என்பிஎஃப் கணக்கு இன்னும் கறார். அபெர்ச்சர் எண்ணை 35-ஆலும், பிக்சல் அளவை மைக்ரானில் 30-ஆலும் பெருக்கிக் கூட்டி, குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். அதே கேமரா, எஃப் 3.5, பிக்சல் 3.7 மைக்ரான் என்றால் 122.5-ஓடு 111, மொத்தம் 233.5, 18-ஆல் வகுத்தால் 13 விநாடி. செயலியில் கேமரா மாடலைத் தேர்ந்தெடுத்தால் இந்த வேலையை அதுவே செய்துவிடும். எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம்: வான நடுக்கோட்டில் இருக்கும் ஓரையன் வேகமாக நகரும், துருவத்தின் பக்கம் மெதுவாக.

நட்சத்திரங்களோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பும் டிராக்கர் வாங்கினேன். துருவ நட்சத்திரத்தைப் பிடி என்கிறார்கள். அது எங்கே?

நம் ஊர்க்காரர்களின் நிரந்தர வயிற்றெரிச்சல். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கும் என்றால், கிட்டத்தட்ட உங்கள் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. சென்னையில் 13, மதுரையில் 10, யாழ்ப்பாணத்தில் பத்துக்குச் சற்றுக் குறைவு, கன்னியாகுமரியில் 8. அந்த உயரத்தில் புகை, தூசு, தெருவிளக்கு, மரம், மலை எல்லாம் இருக்கும். யூடியூபில் ஐரோப்பியர் ஒருவர் அண்ணாந்து பார்த்து அரை நிமிடத்தில் முடிப்பதைப் பார்த்து மனம் வெதும்பாதீர்கள்.

அகன்ற லென்ஸ்தான் என்றால் நட்சத்திரமே தேவையில்லை. போனின் திசைகாட்டியால் வடக்கைப் பிடித்து, சாய்வுமானியால் டிராக்கரை உங்கள் அட்சரேகைக்குச் சாயுங்கள். நம் பக்கம் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் ஓரிரு பாகைதான். 24 மி.மீ. லென்ஸில் ஒரு நிமிடப் படத்துக்கு இது போதும். நீண்ட லென்ஸுக்கு ஏஎஸ்ஐஏர் என்ற சின்னக் கணினிப் பெட்டி, அல்லது விண்டோஸ் லேப்டாப்பில் நினா என்ற மென்பொருள்: வானத்தின் வேறு பகுதியைப் படமெடுத்து, அதில் உள்ள நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொல்லிவிடும். துருவ நட்சத்திரம் கண்ணில் படவே வேண்டாம். இவ்வளவு குறைந்த அட்சரேகையில் எதிர் எடைக் கம்பி ட்ரைபாட் காலில் இடிக்கும், அதை மட்டும் முன்கூட்டியே சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஈடாக நமக்குத் தெற்கு வானம் கிடைக்கிறது. பெரும்பாலான ஐரோப்பியருக்கு எட்டாத ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து சென்னையில் 29 பாகை உயரம் வரும். ஈட்டா கரீனா நட்சத்திரமும் தெற்குச் சிலுவையான திரிசங்குவும் 17 பாகை.

டெலஸ்கோப்பையே போனால் திருப்பலாமா?

மோட்டார் உள்ள மவுண்ட் (டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் பீடம்) என்றால் திருப்பலாம். ஸ்கைவாச்சர் ஏஇசட்-ஜிடிஐ தானே ஒரு வைஃபையைப் பரப்பும். சின்ஸ்கேன் செயலியால் அதில் இணைந்து, இரண்டு நட்சத்திரங்களைக் காட்டிக்கொடுத்தால் மற்றதை அது தேடிக்கொள்ளும். ஸ்கைசஃபாரியில் படத்தைத் தொட்டுத் திருப்ப ஆசை என்றால் சின்ஸ்கேனைப் பின்னால் திறந்தே வைத்திருக்க வேண்டும், அதன் வழியாகத்தான் கட்டளை போகும். மோட்டார் இல்லாதவர்களுக்கு செலஸ்ட்ரானின் ஸ்டார்சென்ஸ் எக்ஸ்ப்ளோரர்: போனை டெலஸ்கோப்பில் மாட்டினால் அதன் கேமரா வானத்தைப் பார்த்து, எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று அம்புக்குறி காட்டும். திசைகாட்டியை நம்பாமல் நட்சத்திரங்களையே பார்ப்பதால் தென்னைமரப் பிரச்சினை இதில் இல்லை.

ஸீஸ்டார் மாதிரி ஸ்மார்ட் டெலஸ்கோப் வாங்கலாமா?

2023-இல் வந்த ஸீஸ்டார் எஸ்50 என்பது 50 மி.மீ. லென்ஸ், 250 மி.மீ. குவியத் தூரம், உள்ளேயே கேமரா, மோட்டார், கணினி. போனில் ஓரையன் நெபுலா என்ற வாயு மேகத்தைத் தொட்டால் தானே போய் நின்று, பத்துப் பத்து விநாடியாக எடுத்து அடுக்கிக்கொண்டே போகும். போனை மூடிவிட்டாலும் வேலை நிற்காது, கடிகாரம் அதன் கையில். ஊர் வெளிச்சத்துக்குள் இருந்தே நெபுலா எடுக்க இதைவிடச் சுலபமான வழியை நான் பார்க்கவில்லை. ஆனால் கண் வைத்துப் பார்க்க ஐபீஸ் கிடையாது. வியாழன், சனிக்கு 250 மி.மீ. பற்றாது. மாடியில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் காட்ட நான் இன்னும் பழைய டெலஸ்கோப்பைத்தான் எடுக்கிறேன்.

சூரியனைப் போனால் எடுக்கலாமா?

டெலஸ்கோப்பின் முன்வாயில் சூரிய ஃபில்டர் போடாமல் கூடாது. ஐபீஸ் பக்கம் திருகும் சின்னக் கறுப்புக் கண்ணாடி சூட்டில் வெடிக்கும், அதைக் குப்பையில் போடுங்கள்.

எடுத்த படங்களைப் போனிலேயே அடுக்கி முடித்துவிடலாமா?

சிரமம். கணினியில் சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர், சீக்வேட்டர் மூன்றும் இலவசம். முன்னால் மரமோ மலையோ உள்ள படத்துக்கு சீக்வேட்டர் வசதி. படங்களை வைஃபையில் போனுக்கு இழுத்து அங்கிருந்து கணினிக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. ஸ்னாப்பிரிட்ஜ் தானாக அனுப்புவது 2 மெகாபிக்சலுக்குச் சுருக்கிய ஜேபெக். ராத்திரி முழுக்க முழித்து எடுத்த ரா ஃபைல் கார்டிலேயே கிடக்கும். கார்டைக் கழற்றி ரீடரில் போடுங்கள்.